பள்ளி நாட்காட்டியும் சிறுபான்மையோர் திருநாளும்

சுந்தரமூர்த்தி நாயனார் தோன்றிய திருநாவலூர் உளுந்தூர்ப்பேட்டை வட்டத்தில் உள்ளது. அவ்வட்டத்திலேயே திருநறுங்கொண்டைக் குன்றின்மேல் சமணரின் பார்சுவநாதர் ஆலயமும் விளங்குகின்றது. இங்ஙனம் பல சமயத்தார் அயலாராய் வாழும் நாட்டில், பள்ளி நாட்காட்டி யாவர்க்கும் உரியதாவது எவ்வாறு என்பதை ஈண்டு ஆராய்வோம்.

தமிழ்நாட்டின் பொது விடுமுறைகளுள் பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ், ரம்ஜான், பக்ரீத், மகாவீரர் ஜெயந்தி ஆகியன இடம்பெற்றுள்ளன. சமணர் இங்கு நூற்றுக்கு ஒருவரும் ஆகார். ஆயினும் அவர்தம் திருநாள் விடப்படவில்லை. இது போற்றத்தக்கதே.

எனினும் விடுமுறை அளித்தல் மட்டும் போதாது. இஸ்லாமிய ஆண்டு 354 அல்லது 355 நாட்களே உடையதாதலின், ரம்ஜான் ஆண்டுதோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வரும். பிறை கண்ட பின்னரே நாள் உறுதிப்படும். பெரிய வெள்ளியும் மகாவீரர் ஜெயந்தியுமோ பரீட்சைக் காலமாகிய மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் வருவன. 2024-ஆம் ஆண்டில் 4 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு ஏப்ரல் 10, 12 ஆகிய நாட்களில் குறித்திருந்த பரீட்சைகள் ரம்ஜானை முன்னிட்டுத் தள்ளிவைக்கப்பட்டன. திருத்தம் நன்றே, முன்னரே கருதியிருப்பின் இன்னும் நன்று.

பரீட்சையா, பெருநாளா என்று ஒரு சிறுவன் கலங்கும் நிலையை ஆண்டின் தொடக்கத்திலேயே விலக்கிவிடலாம். அன்றியும், விடுமுறைக்கு முதல்நாள் அத்திருநாளின் பொருளை உபாத்தியாயர் வகுப்பில் விளக்குவாராயின், அதனைக் கொண்டாடாத பிள்ளைகளும் அயலாரை அறிவர். அறியாதார்க்கு அது வெறும் ஓய்வுநாள். அறிந்தார்க்கோ அதுவும் ஒரு பாடம்.

நம் மாணாக்கருட் பலர் நாளை ஆசிரியராவர். நாட்காட்டி வகுக்கும் பொறுப்பு அவர்கள் கைக்கு வருங்கால், வகுப்பில் ஒருவனாய் அமர்ந்திருக்கும் பிள்ளையை அவர்கள் மறவாதிருப்பாராக.