ஒரே பாம்பு, ஊருக்கு ஒரு விஷம்

சங்கரன்கோவில்காரனுக்கே பாம்பைப் பற்றிப் பாடமா என்று சிரிக்காதீர்கள். கோமதியம்மன் கோயில் புற்றுமண் பூசி வளர்ந்தவன்தான் நானும். போன வருஷம் உளுந்து வயலில் சித்தப்பாவைக் கண்ணாடி விரியன் கடித்து, பத்துக் குப்பி விஷமுறிவு மருந்து ஏற்றினார்கள். அப்போதுதான் இந்த மருந்து எங்கிருந்து வருது என்று தேடினேன்.

மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. நாட்டின் மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான். பாம்பைப் பிடித்து, விஷம் எடுத்து, திரும்பக் காட்டிலேயே விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறுகச் சிறுக ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்து மருந்து பிரிப்பார்கள்.

இருளர்கள் வளை வாயிலுள்ள தடத்தைப் பார்த்தே இன்ன பாம்பு என்பார்கள். (அவர்களில் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017-இல் புளோரிடாவுக்கே மலைப்பாம்பு பிடிக்கப் போனார்கள், 2023-இல் பத்மஸ்ரீ.) ஆனால் பாம்பு ஊருக்கு ஊர் மாறும். நம்ம பக்கத்துச் சுருட்டை விரியன் ஓரடி இருந்தாலே பெரிசு. ராஜஸ்தானில் இரண்டடி தாண்டும். அங்கத்து நாகம் கறுப்பு. படத்தில் கண்ணாடிக் குறியும் பல சமயம் இராது.

உருவம் மட்டுமா? விஷத்தின் சேர்மானமே மாறுகிறது. தெற்கத்தி விஷத்தில் செய்த மருந்து வேறு பகுதிக் கடிகளுக்குச் சரியாக எடுபடவில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வுகள் காட்டின. ஒரே ஆற்று மணலைச் சோதித்துவிட்டு ஊரெல்லாம் கான்கிரீட் போட்டால் நம்ம சிவில் சார் விடுவாரா?

சித்தப்பா பிழைத்துவிட்டார். கடிபட்ட விரல் மட்டும் இன்னும் மடங்கவில்லை. அழுகிய சதைக்கு இந்த மருந்து அவ்வளவாக உதவாதாம்.