வியாழன் விருந்து சனிக்கிழமையில்

கேள்வி: வேறு நாட்டில் குடியிருக்கும் அமெரிக்க இளம் தம்பதிகள் தங்கள் ஊர்ப் பண்டிகைகளை எப்படிக் கொண்டாடுகிறார்கள்?
– வாசகி, திருச்சி

பதில்: கிறிஸ்துமஸ் பாதி உலகத்துக்குப் பொது, அதில் சிக்கல் இல்லை. படுத்துவது தேங்க்ஸ்கிவிங் என்னும் நன்றி நவிலும் நாள்தான். நவம்பரின் நான்காவது வியாழன் என்று 1941-இல் சட்டமே போட்டுவிட்டார்கள். பெர்லினிலோ அது சாதாரண வேலைநாள். அதனால் பலர் விருந்தைச் சனிக்கிழமைக்குத் தள்ளிவிடுகிறார்கள். அடுத்த தலைவலி, அந்த விருந்தின் நாயகனான வான்கோழி. முழுப் பறவை வேண்டுமென்றால் கறிக்கடையில் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். டோக்கியோ வீடுகளின் குட்டி ஓவனில் அது நுழையாது. சாதாரணக் கோழியே அன்றைக்கு வான்கோழி! குறைசொல்ல மாமியார் பக்கத்தில் இல்லை என்பது உபரி லாபம்.

நெதர்லாந்தின் லெய்டனில் இருப்பவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 1620-இல் அமெரிக்காவுக்கு மேஃபிளவர் கப்பலேறிய, இந்தப் பண்டிகையைத் தொடங்கிவைத்தவர்களாகச் சொல்லப்படும் பில்கிரிம் குடியேறிகளில் பலர் அதற்குமுன் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்த ஊர் அது. அங்குள்ள பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தில் தேங்க்ஸ்கிவிங் காலையில் வழிபாடே நடக்கிறது.

அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை 4-க்கு ஜெர்மனியில் வாணவேடிக்கை கொளுத்த ஆசைப்படக் கூடாது. புத்தாண்டு சமயம் தவிரப் பொதுமக்கள் வெடிக்கத் தடை. தோட்டத்தில் இறைச்சி சுடுவதோடு சரி. டென்மார்க்கின் ரெபில்ட் குன்றுகளிலோ 1912-இலிருந்தே அந்த நாளுக்குத் திருவிழா. தொடங்கியவர்கள் அமெரிக்காவில் குடியேறிய டேனிஷ்காரர்கள்.

இரண்டே பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டால் அது பண்டிகை ஆகாது என்பது என் கட்சி. உங்கள் பக்கத்து வீட்டில் அப்படியொரு ஜோடி இருந்து கூப்பிட்டால், தட்டாமல் போங்கள். பூசணிக்காய் இனிப்பாக வந்தால் முகம் சுளிக்காதீர்கள்.