யாரைப் பற்றி எழுதுவது?

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. இயற்பியல் மாணவன்)



ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாள். அதனையொட்டி நம் கல்லூரியில் நடந்த கட்டுரைப் போட்டிக்கு, 'ஒடுக்கப்பட்டோர் வரலாற்றில் ஒரு பெருமகன்' என்பது தலைப்பு. பெயர் கொடுத்தோரில் பெரும்பாலோர் அம்பேத்கரையே எடுத்துக்கொண்டனர். நானும் முதலில் அவ்வாறே எண்ணினேன். ஆனால் ஒரு கேள்வி என்னை உறங்கவிடவில்லை. அம்பேத்கரைப் பற்றி அனைவரும் எழுதிவிட்டால், ஏனையோரைப் பற்றி எழுதுவது யார்? அந்தக் கேள்விக்கு விடை தேடிய வழியையே இக்கட்டுரையில் கூற விழைகிறேன்.

உலகத்து முன்மாதிரி

அமெரிக்காவில் கார்ட்டர் வுட்சன் என்றோர் அறிஞர் வாழ்ந்தார். அவருடைய பெற்றோர் அடிமைகளாய் இருந்தவர்கள். இளமையில் நிலக்கரிச் சுரங்கத்தில் கூலி வேலை செய்த அவர், பின்னர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். பாடநூல்களில் தம் மக்களின் வரலாறே இல்லை என்பதைக் கண்டு, 1926-ல் கறுப்பின வரலாற்று வாரம் ஒன்றைத் தொடங்கினார். 1976 முதல் அது பிப்ரவரி மாதம் முழுவதும் கொண்டாடப்படுகிறது. அந்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் அம்மாதத்தில் ஆளுக்கொரு பெரியவரைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதுவது வழக்கம். நம் நாட்டிலும் 2015 முதல் ஏப்ரல் மாதத்தைத் தலித் வரலாற்று மாதமாகச் சிலர் கடைப்பிடித்து வருகின்றனர்.

நூலகத்தில் கண்ட நால்வர்

தமிழகத்தில் யார் யார் உளர் என்று நூலகத்தில் தேடினேன். முதலில் அயோத்திதாசப் பண்டிதரைக் கண்டேன். 1845-ல் பிறந்த சித்த மருத்துவர். 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கியவர். அடுத்து இரட்டைமலை சீனிவாசன். பிறர் இழிசொல்லாய் வழங்கிய பெயரையே தலைப்பாக்கி, 1893-ல் 'பறையன்' என்ற இதழை நடத்தியவர். 1930-ல் லண்டன் வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கருடன் அமர்ந்தவர். மூன்றாமவர் எம்.சி. ராஜா, பள்ளியாசிரியராய் இருந்து சட்டமன்றம் சென்றவர். நான்காமவர் 1904-ல் ரங்கூனில் பிறந்த அன்னை மீனாம்பாள் சிவராஜ். மேடையேறப் பெண்கள் தயங்கிய காலத்தில் தலைமையுரை ஆற்றியவர்.

நால்வரும் ஒப்பற்றவர்களே. எவரை எடுத்தாலும் குறையில்லை. இருப்பினும் தேடல் தொடர்ந்தபோது, ஒரு நூலின் ஒரு வரியில் என் கண்கள் நிலைகுத்தி நின்றன. 'ஆரணிக்கு அருகில் உள்ள மேல்புதுப்பாக்கம்' என்றிருந்தது அந்த வரி!

நம் மண்ணின் மைந்தர்

ஆம், நண்பர்களே! சுவாமி சகஜானந்தா 1890-ல் பிறந்தது நம் ஆரணிப் பகுதியில்தான். இயற்பெயர் முனுசாமி. பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற எளிய குடும்பம் அவருடையது. பின்னர்ச் சென்னை வியாசர்பாடியில் கரபாத்திர சுவாமிகளின் சீடராகித் துறவு பூண்டார். 1910-ல் சிதம்பரம் சேர்ந்தார்.

துறவியர் பலர் மடம் கட்டுவர். இவரோ பள்ளி கட்டினார். 1916-ல் சில பிள்ளைகளோடு தொடங்கிய அப்பள்ளிக்கு நந்தனார் பெயரைச் சூட்டினார். நாளைப் போவேன், நாளைப் போவேன் என்று தில்லையை எண்ணி ஏங்கிய நந்தனாரின் கதை நாமறிந்ததே. எந்த ஊரின் கோயில் வாயிலில் நந்தனார் தயங்கி நின்றாரோ, அதே ஊரில் அவர் பெயரால் கல்விக்கு ஒரு வாயில் திறந்தது. பள்ளி மட்டும் போதாது, பசித்த பிள்ளைக்குச் சோறும் படுக்க இடமும் வேண்டும் என்றுணர்ந்து விடுதியும் நடத்தினார். 1926 முதல் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையிலும், பின்னர்ச் சட்டமன்றப் பேரவையிலும் கல்விக்காகவும் கோயில் நுழைவுரிமைக்காகவும் வாதாடினார். 1947-ல் கோயில் நுழைவுச் சட்டம் வந்ததைக் கண்ணாரக் கண்டார். 1959-ல் மறைந்தார். நந்தனார் பெயர் தாங்கிய பள்ளிகள் இன்றும் சிதம்பரத்தில் நடைபெறுகின்றன.

தேர்வுக்குரிய அளவுகோல்கள்

இவரை நான் தேர்ந்தெடுத்தது ஊர்ப்பற்றினால் மட்டுமா? அன்று. மூன்று அளவுகோல்களை வைத்துக்கொண்டேன். முதலாவது: அவர் பட்ட துன்பத்தை மட்டுமன்றி, ஆக்கிய செயலையும் காட்ட இயல வேண்டும். இரண்டாவது: செவிவழிச் செய்தியோடு நில்லாமல், சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் போன்ற சான்றுகளால் சரிபார்க்க இயல வேண்டும். மூன்றாவது: அவரோடு மாறுபட்டோரின் கருத்தையும் மறைக்காமல் கூற வேண்டும். அயோத்திதாசர் பௌத்தம் தழுவினார். அம்பேத்கரும் 1956-ல் தழுவினார். சகஜானந்தரோ சைவ நெறியிலேயே நின்று உரிமை கேட்டார். எவர் வழி சரி என்பதில் இன்றும் கருத்து வேற்றுமை உண்டு. அதை எழுதினால் அவர் பெருமை குறையாது. குறை கூறவே இடமின்றி எழுதினால் அது கட்டுரையாகாது, வாழ்த்துமடல் ஆகிவிடும்.

ஒரு கேள்வியும் ஒரு விடையும்

என் தேர்வைச் சொன்னபோது உடன்பயிலும் நண்பன் ஒருவன் குரலைத் தாழ்த்தி, "அப்படியானால் நீ அவர்கள் ஆளா?" என்று கேட்டான். கேட்டதில் பகை இல்லை, பழக்கம்தான் இருந்தது. அன்று நான் விடை கூறாமல் வந்துவிட்டேன். பேருந்தில் ஊர் திரும்பும் வரை அக்கேள்வி என்னோடு பயணம் செய்தது. பேசாமல் அம்பேத்கரையே எழுதிவிடலாமா, அவரை எல்லாரும் எழுதுவதால் யாரும் கேட்கமாட்டார்களே என்றுகூட எண்ணினேன். அந்த எண்ணத்திற்காக இன்று வெட்கப்படுகிறேன்.

வீட்டில் அப்பா தறியில் அமர்ந்திருந்தார். கூலிக்குப் பட்டு நெய்பவர். அருகில் பாட்டி தார் சுற்றிக்கொண்டிருந்தார். கையெழுத்துக்குப் பதில் கைநாட்டு வைப்பவர் அவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். சகஜானந்தரின் கதையைப் பாட்டியிடம் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "நம்ம பக்கத்து ஊர்க்காரரா? இத்தனை நாளா யாருமே சொல்லலியே!" என்றார்.

அதுவே எனக்கு விடையாயிற்று. மறுநாள் நண்பனிடம் சொன்னேன்: "நியூட்டனைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாய் எழுதுகிறோம். நீ ஆங்கிலேயனா என்று யாரும் கேட்பதில்லை. இவரைப் பற்றி எழுதினால் மட்டும் ஏன் கேட்கிறாய்?" அவன் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மேல்புதுப்பாக்கத்திற்கு எந்தப் பேருந்தில் போகவேண்டும்?" என்றான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவருமாகச் சென்று வந்தோம்.

முடிவாக

நண்பர்களே! பாவு மட்டும் இருந்தால் சேலையாகாது; ஊடை ஓட வேண்டும். அம்பேத்கர் போன்றோர் நம் வரலாற்றின் பாவு எனில், ஊர்தோறும் பள்ளியும் விடுதியும் கண்டோர் அதன் ஊடை இழைகள். அடுத்த ஆண்டு இதே போட்டி வரும்போது, உங்கள் ஊருக்கு அருகில் பிறந்த ஒருவரைத் தேடிப் பாருங்கள். அவர் எச்சாதியினர், நீங்கள் எச்சாதியினர் என்று எவரேனும் கேட்டால் தயங்காதீர்கள். நமக்காகக் கதவைத் திறந்தவரின் பெயரை அறிந்துகொள்வது, அதன் வழியே உள்ளே வந்தவர்களின் கடமையன்றோ?