ஃப்ளஷ் செய்யலாம் என்று பாக்கெட்டிலேயே போட்டிருக்கிறதே?

கேள்வி: என் மாமியார் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவரைத் துடைத்துவிட வெட் வைப்ஸ் வாங்குகிறோம். ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று பாக்கெட்டில் இருப்பதால் கழிப்பறையிலேயே போட்டுவிடுகிறோம். போன வாரம் கழிவுநீர் எதிர்த்துக்கொண்டு மேலே வந்துவிட்டது. வைப்ஸ்தான் காரணம் என்கிறார் பிளம்பர். கம்பெனிக்காரர்கள் பொய்யா போடுவார்கள்?
— ஒரு வாசகி, பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: பிளம்பர் சொல்வதுதான் சரி. பாக்கெட்டில் இருப்பது பாதி உண்மை. தண்ணீர் ஊற்றினால் வைப்ஸ் பீங்கானைத் தாண்டிப் போய்விடும். போன பிறகு கரையுமா என்பதில்தான் வில்லங்கம்.

டாய்லெட் பேப்பரில் குட்டையான மரக்கூழ் நார்கள் லேசாக ஒட்டியிருக்கும், நனைந்ததும் பிரிந்துவிடும். வைப்ஸோ பாவும் ஊடையும் இல்லாத துணி. பாலியஸ்டர், விஸ்கோஸ், மரக்கூழ் போன்ற நார்களைப் பரப்பி, வேகமான நீர்த்தாரைகளைப் பாய்ச்சி, ஒன்றோடொன்று பிணைய வைக்கிறார்கள். ‘ஃப்ளஷ்’ வகையில் பிளாஸ்டிக் நார் இல்லாமல் இருக்கலாம். ஆனாலும் பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் ஈரத்திலேயே கிடந்து, கையில் எடுத்துத் துடைக்கும்போதும் கிழியாமல் இருக்கத்தான் அதைச் செய்கிறார்கள். அது குழாய்க்குள் போனதும் சில நிமிஷத்தில் கரைய வேண்டும் என்றால் எப்படி?

2019-இல் டொரண்டோவின் ரையர்சன் பல்கலைக்கழகத்தில் 101 பொருள்களைச் சோதித்தார்கள். அவற்றில் 23 ‘ஃப்ளஷ் செய்யலாம்’ என்று விற்கப்பட்டவை. அந்த 23-இல் ஒன்றுகூடப் பாதுகாப்பாகப் பிரிந்து கரையவில்லை. டாய்லெட் பேப்பர் போலவே கரையும் என்று விளம்பரம் செய்த பென்டல் நிறுவனத்துக்கு 2018-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 7 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. லண்டன் ஒயிட்சேப்பல் சாக்கடையில் 2017-இல் கண்டுபிடித்த கொழுப்புக் கட்டி 250 மீட்டர் நீளம், சுமார் 130 டன். எண்ணெயும் கொழுப்பும் வைப்ஸோடு சேர்ந்து இறுகியது அது.

நம் வீடுகளில் சிக்கல் இன்னும் கூடுதல். பலர் குவளையால் ஊற்றுவதோடு சரி. அந்தத் தண்ணீர் மலத்தைத் தள்ளும், துணியைத் தள்ளாது. நீளமும் ஒடுக்கமுமான தெரு வீடுகளில் கழிப்பறை பின்கட்டில் இருக்கும், பாதாளச் சாக்கடை இணைப்போ தெருவில். இடையிலுள்ள வளைவுகளில் வைப்ஸ் தங்கும். அதில் தலைமுடியும் அறுந்த பட்டிழையும் சுற்றும், சமையலறை எண்ணெய் படியும். தெருவைத் தாண்டிவிட்டாலும் கழிவுநீரேற்று நிலையத்துப் பம்பின் இறக்கையில் போய்ச் சுற்றிக்கொள்ளும். செப்டிக் டேங்க் வீடு என்றால் மேலே ஏடாக மிதந்து வெளியேறும் குழாயை அடைக்கும். உறிஞ்ச வரும் லாரியின் ஹோஸையும் விடாது.

சந்தேகம் இருந்தால் ஒரு வைப்ஸை வாளித் தண்ணீரில் போட்டுக் குச்சியால் நன்றாகக் கலக்கிவிட்டு, அரை மணி கழித்து எடுங்கள். முழுசாகக் கையில் வந்தால் குழாயிலும் முழுசாகத்தான் கிடக்கும்.

மாமியாருக்குப் பழைய பருத்தி வேட்டித் துண்டும் வெதுவெதுப்பான நீருமே போதும்; துவைத்து வெயிலில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். வைப்ஸ்தான் வசதி என்றால், செய்தித்தாளில் சுற்றி மூடியுள்ள கூடையில் போட்டு, டயாப்பர், நாப்கினைப் போலவே தூய்மைப் பணியாளரிடம் தனியாகக் கொடுங்கள்.

இப்போதுள்ள அடைப்புக்கு ஆசிட் ஊற்றாதீர்கள். துணி அதில் கரையாது, எடுக்க வருபவர் கைதான் வெந்துபோகும். தொட்டிக்குள் யாரையும் இறக்கவும் கூடாது. விஷவாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும். பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், இரண்டும்கூட விதிக்கலாம். சாக்கடையில் இறப்பவர் குடும்பத்துக்கான இழப்பீட்டை 2023-இல் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது. மாநகராட்சியிடம் சொல்லி இயந்திரத்தை வரவழையுங்கள்.

கேள்வி: வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். கருட சேவை சமயத்தில் அறைகள் நிரம்பி வழியும், அப்போதுதான் அடைப்பும் வரும். மூங்கில் நாரில் செய்த, மக்கும் வைப்ஸ் வாங்கி வைத்தால் சரியாகுமா?
— ஒரு வாசகர், சின்ன காஞ்சிபுரம்

பதில்: ஆகாது. மக்குவதற்கு வாரங்கள், மாதங்கள் பிடிக்கும். உங்கள் குழாய் ஒரே ராத்திரியில் அடைத்துக்கொள்ளும். அந்தப் பணத்தில் ஒவ்வொரு கழிப்பறைக்கும் மூடியுள்ள கூடையும் ஹெல்த் ஃபாசெட்டும் வாங்கிப் போடுங்கள். தண்ணீர் வசதி இருந்தால் வைப்ஸைத் தேடுபவர்கள் குறைவு. ‘கழிப்பறையில் எதையும் போடாதீர்கள்’ என்று பொதுவாக எழுதினால் யாரும் படிப்பதில்லை. ‘வைப்ஸ், நாப்கின், டயாப்பர் இந்தக் கூடையில்’ என்று தமிழிலும் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் கூடைக்கு நேர் மேலே எழுதி ஒட்டுங்கள். கூடையைத் தினமும் காலி செய்யுங்கள். நிரம்பி வழிந்தால் விருந்தாளி மறுபடி பீங்கானைத்தான் தேடுவார். திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே சேம்பர் மூடிகளைத் திறந்து பார்த்து, தேங்கியிருந்தால் இயந்திரம் வைத்துச் சுத்தம் செய்துவிடுங்கள்.