ஒரே ஆளி, இரு வலையமைப்புகள்

“ஒரே ஆளியில் இணைத்த இரு கணினிகள் எப்போதும் ஒன்றோடொன்று தொடர்பாடும்.” இக்கூற்றுக்குச் ‘சரி’ என விடையிடும் மாணவர் பலர். அது பிழை.

பாடசாலையொன்றில் 24 துறைகள் கொண்ட ஆளி உள்ளது எனக் கொள்க. 1 முதல் 12 வரையான துறைகள் கணினிக் கூடத்துக்கும், ஏனையவை அலுவலகத்துக்கும் உரியவை. புள்ளிப் பதிவுகள் அலுவலகக் கணினியில் இருப்பதால் இரண்டையும் பிரித்தல் வேண்டும். எனவே முதற் தொகுதி வீலான் 10 எனவும் மற்றையது வீலான் 20 எனவும் அமைக்கப்படுகின்றது. வீலான் என்பது மெய்நிகர் இடத்துரி வலையமைப்பு. இனி அவ்வாளி இரு தனி ஆளிகள் போலவே தொழிற்படும்.

கூடத்துக் கணினி 192.168.10.5, அலுவலக அச்சுப்பொறி 192.168.20.7, உபவலை மறைமுகம் 255.255.255.0. கணினி தரவை அனுப்புமுன் மறைமுகத்தைப் பயன்படுத்தித் தனது வலையமைப்பு 192.168.10.0 எனக் காண்கிறது. அச்சுப்பொறியின் முகவரி அதற்கு வெளியே இருப்பதால் தரவை இயல்புநிலை நுழைவாயிலிடம் ஒப்படைக்கும். அந்த நுழைவாயில் ஒரு வழிப்படுத்தியாக இருக்கலாம். மூன்றாம் அடுக்கு ஆளியாயின் அதுவே இவ்வேலையைச் செய்யும்.

அதற்கு ஒவ்வொரு வீலானுக்கும் ஆளியில் ஒரு மெய்நிகர் இடைமுகம் அமைத்து, 192.168.10.1, 192.168.20.1 என முகவரியிடுக. கணினிகளுக்கு இவையே நுழைவாயில்கள். பின்னர் வழிப்படுத்தலை இயக்குக. சிஸ்கோ ஆளிகளில் ‘ஐபி றவுட்டிங்’ என்பதே அக்கட்டளை. பல மாதிரிகளில் அது தொடக்கத்தில் நிறுத்தப்பட்டே இருக்கும். இதை மறந்தால் கணினி தன் நுழைவாயிலை அடையும், ஆனால் அச்சுப்பொறியை அடையாது.

கவனிக்க: வழிப்படுத்தலை இயக்கியதும் அச்சுப்பொறிக்கு மட்டுமன்றிப் புள்ளிப் பதிவுள்ள கணினிக்கும் வழி திறந்துவிடும்! ஆகவே அணுகல் கட்டுப்பாட்டுப் பட்டியல் தேவை. கூடத்திலிருந்து 192.168.20.7 இற்கு அனுமதி என்பது முதல் வரி, 192.168.20.0 வலையமைப்பின் ஏனைய முகவரிகளுக்குத் தடை என்பது அடுத்தது. பட்டியல் மேலிருந்து கீழாக வாசிக்கப்பட்டு, முதலில் பொருந்தும் வரியே செயற்படும். வரிகளை மாற்றி எழுதினால் அச்சுப்பொறியும் கிடைக்காது.

பயிற்சி: மேற்கூறிய அனைத்தும் சரி, ஆனால் அச்சுப்பொறியில் நுழைவாயில் முகவரி இடப்படவில்லை. கூடத்திலிருந்து பிங் செய்தால் பதில் கிடைக்குமா?

விடை: கிடைக்காது. “தரவு போய்ச் சேரவில்லை” எனக் காரணம் எழுதினால் புள்ளி இல்லை. தரவு சேர்ந்துவிட்டது, வேறு வலையமைப்புக்குப் பதில் அனுப்ப அச்சுப்பொறிக்குத்தான் வழி தெரியாது. அலுவலகத்தாருக்கோ அச்சு வழமைபோல் வந்துகொண்டிருக்கும். ஆதலால் இப்பிழை இலகுவில் பிடிபடாது.