கிரகணம் என்னும் தராசு

2019 டிசம்பர் 26 காலையில் கிளிநொச்சி வானில் சூரியன் நெருப்பு வளையமாக நின்றது. அதைப் பாராமல் கதவைச் சாத்திக்கொண்ட வீடுகளும் உண்டு. கிரகணம் கெடுதல் என்ற பயம் நம்மிடம் அவ்வளவு பழையது. விண்மீன்களின் பாரத்தை அறிவதற்கோ அதைவிட நம்பகமான வழி கிடையாது.

நம்பிக்கை: பெரிய விண்மீனே பாரமானது.

உண்மை: திருவாதிரை குறுக்களவில் சூரியனைவிடப் பல நூறு மடங்கு பெரியது. திணிவில் இருபது மடங்கைக்கூடத் தொடாது. உமி மூட்டையையும் நெல் மூட்டையையும் தூக்கியவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: விண்மீனின் திணிவெல்லாம் வெறும் ஊகம்.

உண்மை: தனி விண்மீனுக்கு இது ஓரளவு பொருந்தும். சூடடித்த களத்தில் யாவாரி மூட்டையைப் பார்த்தே நிறை சொல்வதுபோல, ஒளியைப் பார்த்துக் கணிக்கிறார்கள். பிழைப்பதும் உண்டு. பெரிய மகெல்லன் முகில் என்ற அண்டை விண்மீன் மண்டலத்தில் உள்ள ஆர்136ஏ ஒற்றை விண்மீன், 2,500 சூரியன்களின் திணிவுள்ளது என்று 1981இல் சொன்னார்கள். 1985இல் கூர்ந்து பார்த்தால், அது குறைந்தது எட்டு விண்மீன்களின் கூட்டம்.

ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் சோடி அகப்பட்டால் கதை வேறு. பங்குனியில் இரவு பத்து மணியளவில் இரணைமடுக் குளக்கட்டில் நின்று தெற்கே பாருங்கள். நீர்ப்பரப்புக்கு மேலே, நீட்டிய கையின் இரண்டு முட்டி உயரத்தில், வெறுங்கண்ணுக்கு எட்டாத மங்கலில் டபிள்யூஆர் 20ஏ என்ற சோடி இருக்கிறது. அந்தச் சோடி 3.69 நாளில் ஒரு சுற்றுச் சுற்றுகிறது. நம்மை நோக்கி வருவதன் நிறமாலைக் கோடுகள் நீலப் பக்கமும் விலகுவதன் கோடுகள் சிவப்புப் பக்கமும் நகரும். அதிலிருந்து வேகம் தெரிந்துவிடும். சோடியில் பாரமானது மெதுவாகவும் இலேசானது விரைவாகவும் அசையும். ஆனால் சுற்றுப்பாதை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாதவரை, கையில் இருப்பது குறைந்தபட்சத் திணிவு மட்டுமே. 2004இல் முதலில் கிடைத்ததும் அதுதான்: ஒவ்வொன்றும் ஏறத்தாழ 70 சூரியன். அதே ஆண்டில் சிலி நாட்டின் லாஸ் கம்பனாஸ் வானாய்வகத்திலிருந்து பார்த்தவர்கள், ஒளி ஒழுங்காக மங்கி மீள்வதைக் கண்டார்கள். கிரகணம்! மங்கலின் ஆழமும் நேரமும் சாய்வைக் காட்டிக்கொடுத்தன. ஒன்று 83 சூரியத் திணிவு, மற்றது 82. பிழை ஐந்தாறு சூரியன் அளவுதான்.

ஆகவே ‘மிகப் பாரமான விண்மீன்’ என்று எங்கே படித்தாலும், அந்த எண் நிறுத்ததா, ஒளியை வைத்து மதித்ததா என்று கேட்க வேண்டும்.

நம்பிக்கை: இதெல்லாம் பெரிய தொலைநோக்கி வைத்திருப்பவர்களின் வேலை.

உண்மை: அல்கோல் என்ற விண்மீன் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை மங்குவதை வெறுங்கண்ணால் பார்த்து, மற்றொன்று அதை மறைக்கலாம் என்று 1783இல் சொன்னவர் ஜோன் குட்ரிக். காது கேளாதவர். வயது 18.

அல்கோல் வன்னியிலும் தெரியும். தை, மாசியில் முன்னிரவில் கார்த்திகைக் கூட்டத்திலிருந்து வடக்கே, சற்று மேற்காக, இரண்டு முட்டி தள்ளித் தேடுங்கள். அது ஐந்து மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்காக மங்கும். பிள்ளைகளையும் முற்றத்துக்குக் கூப்பிடுங்கள். பார்த்த நேரத்தை ஒரு கொப்பியில் எழுதச் சொல்லுங்கள்.