பாடும் பாட்டும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

உழைப்பவர் ஏன் பாடுகிறார்? களைப்பை மறக்க என்பதே நாம் சொல்லும் விடை. அது பாதி விடைதான் என்பதை என் பாட்டனாரிடம் அறிந்தேன்.

தம்பிக்கு நெம்புகோல் பாடத்தை விளக்கிக்கொண்டிருந்தேன். எழுத்தறியாத பாட்டனார் படத்தைப் பார்த்துவிட்டு, "இது நம்ம ஏத்தந்தானே, ராசா!" என்றார். இளமையில் அவர் ஏற்றம் இறைத்தவர்.

கிணற்றோரம் நட்ட காலின்மேல் நீண்ட மரம். அதன் நுனியில் தொங்குவது சால். மரத்தின்மேல் ஆள்கள் முன்னும் பின்னும் நடக்க, சால் இறங்கி, நிறைந்து ஏறும். கீழே நிற்பவர் அதைப் பிடித்துக் கவிழ்ப்பார். மேலே ஓர் அடி முந்தினாலும் கீழே கை தடுமாறும். மேலிருப்பவர் தவறி விழவும் கூடும். எல்லாரையும் ஒரே கதியில் நிறுத்துவது பாட்டின் தாளமே. சாலுக்கு ஓர் அடி. அந்த அடியிலேயே எண்ணும் வரும். பள்ளி காணாதவர்க்கு அதுவே கணக்கேடு!

இது பழைய மரபு. சிலப்பதிகாரத்து நாடுகாண் காதையில் உழவரின் ஏர்மங்கலமும் களத்து முகவைப் பாட்டும் ஒலிக்கின்றன. வாழ்த்துக் காதையில் உலக்கைக்கு வள்ளைப்பாட்டு உண்டு. வலை இழுக்கும் மீனவர்க்கு அம்பாப் பாட்டு. அந்தியில் பாதியோடு நின்ற ஏற்றப்பாட்டின் அடுத்த அடியைக் கேட்க, கம்பரே மறுநாள் காலைவரை காத்திருந்தார் என்றொரு கதையும் வழங்குகிறது.

எங்கள் ஊருக்கு மின்மோட்டார் வந்ததும் ஏற்றமரம் விறகாயிற்று. அதற்காகப் பாட்டனார் வருந்தவில்லை. "முதுகு தப்பிச்சுது" என்றுதான் சொன்னார். எனக்கும் அந்த வேலை திரும்ப வேண்டாம். ஆனால் வேலையோடு பாட்டும் போகவேண்டுமா?

நூலகத்தில், நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) நூலைப் புரட்டினேன். எங்கள் ஊர்ப் பாட்டு அதில் இல்லை. எனவே பாட்டனாரைப் பாடச் சொல்லி எழுதத் தொடங்கினேன். பாடும்போது அவர் கால்கள் திண்ணையில் தாமே அசைந்தன. அறுபதாம் சாலில் நின்றுவிட்டார். "அப்புறம் மறந்துபோச்சு, ராசா. கூடப் பாடுனவங்க யாரும் இப்ப இல்ல."

நண்பர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். நாம் கற்ற எழுத்துக்கு வீட்டிலேயே ஒரு வேலை காத்திருக்கிறது. இந்த விடுமுறையில் குறிப்பேட்டுடன் உங்கள் வீட்டுப் பெரியவர் அருகில் அமருங்கள். என் குறிப்பேட்டில் 60 அடிகளே உள்ளன. ஓராண்டு முன்னதாகக் கேட்டிருந்தால் நூறு இருந்திருக்கலாம்.